பொதுவில் எழுதி வைத்தேன்

என் மனைவிக்கு எதையும் முழுசாக அணைக்கிற பழக்கம் கிடையாது. குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி விட்டுவிட்டு வருவாள். வானொலியில் சத்தத்தைக் குறைப்பாளே தவிர நிறுத்த மாட்டாள். சண்டையும் அப்படித்தான். நடுவில் வேலை வந்துவிட்டால் அதை அப்படியே நிறுத்தி வைப்பாள். நாலு நாள் கழித்து, நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது, விட்ட வார்த்தைக்கு அடுத்த வார்த்தையிலிருந்து தொடங்குவாள். இது எந்தச் சண்டை என்று நான் யோசித்துக் கண்டுபிடிப்பதற்குள் பாதி முடிந்திருக்கும். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் குடும்பம் நடக்கிறது. பழகிவிட்டது.

அவள் பல் கட்டுகிறவள். பல் டாக்டர் இல்லை. இதைச் சொன்னாலும் அவளுக்குக் கோபம் வரும், சொல்லாவிட்டாலும் வரும். டாக்டர்கள் ஆளின் வாயில் அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பெட்டியின் மேல் ஒரு எண் இருக்கும், பெயர் இருக்காது. அந்த வாய்க்குப் பொருந்துகிற பல்லைச் செய்து கொடுப்பது இவள் வேலை. எங்கள் வீட்டு மாடியில் எட்டுக்குப் பத்து அறை ஒன்றில் உட்கார்ந்து இருபத்தொரு வருஷமாகச் செய்கிறாள். யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாது. ஆனால் வெளியே கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் போதும், "அது என் பல்லு" என்று என் விலாவில் ஒரு இடி விழும்.

அவள் செய்த பல் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. உயரம் ஜாஸ்தி, நிறம் ஒட்டவில்லை என்று ஒரு டாக்டரும் சொன்னதில்லை. இதை அவள் வெளியில் யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை. என்னிடம் மட்டும்தான், அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு தடவை.

நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து, முட்டி தேய்ந்து, சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவன். பிறகு இவளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுப்பதும் செய்த பல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பதுமாக ஆரம்பித்தது. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு பழைய செதுக்கு மெஷின் விலைக்கு வந்தபோது அதுவும் என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து கொடுத்தால், வெள்ளைக் கட்டியிலிருந்து அதே பல்லை அந்த மெஷின் செதுக்கித் தரும்.

அதில் ஒரு வம்பு இருந்தது. அவள் பல் வரைகிற மென்பொருள் அவள் பழகிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். மெஷினை ஓட்டுகிற மென்பொருளோ அதன் வாசலைக்கூட மிதிக்காது, அதற்கு வேறு சிஸ்டம் வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மெஷினை விற்றவர்.

"எங்க வெக்கறது, இவர் மடியிலயா?" என்று கேட்டாள்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். என் மடியையும் பார்த்தார். பிறகு ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டத்தையும் ஏற்றிக் கொடுத்தார். ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும். திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். உள்ளே இருந்த இடத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்று அவளுடைய சிஸ்டத்துக்கு, ஒன்று மெஷின் சிஸ்டத்துக்கு என்று ஒதுக்கினார். மூன்றாவதை இரண்டு பேரும் எடுக்கலாம், வைக்கலாம் என்று சொல்லி அதற்குப் 'பொது' என்று பெயர் வைத்தார். அன்றைக்கே அவள் முதலாவதை 'என்னுது' என்றும் இரண்டாவதை 'உங்களுது' என்றும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு இடம் ஒதுக்கப்பட்டது அப்போதுதான்.

காலையில் அவள் உட்கார்ந்து பல்லை வரைந்து பொதுவில் போடுவாள். மதியம் அவள் கண்ணயரும் நேரத்தில் நான் என்னுடையதைத் திறந்து, பொதுவிலிருந்து எடுத்துச் செதுக்குவேன். அவளிடம் சொல்ல வேண்டியது இருந்தால் ஒரு குறிப்பு எழுதிப் பொதுவில் வைப்பேன். பெரும்பாலும் எங்களுக்குள் ஏதாவது ஒரு சண்டை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் என்பதால் இது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

மெஷின்காரர் புறப்படும்போது மாடிப்படியில் நின்று என்னிடம் ஒன்று சொன்னார்.

"சார், அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அவங்க வேலைய முடிச்சதும் கம்ப்யூட்டர முழுசா அணைக்கணும். தூங்க வெக்கக்கூடாது. மறந்துடாதீங்க."

சரி என்றேன். அன்று குழாய் விஷயமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அது தீர்ந்ததும் சொல்லலாம் என்று ஆறப்போட்டேன்.

அவள் அதைத் தூங்கத்தான் வைத்தாள். நேற்று எந்தப் பல்லின் எந்த மூலையில் விட்டாளோ, காலையில் திறந்தால் அந்த மூலையிலேயே நிற்க வேண்டும் அவளுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் அணைந்தது போலத்தான் இருக்கும். மதியம் நான் என்னுடையதைத் திறக்கும்போது மட்டும் மஞ்சளாக ஒரு பெட்டி வரும். உள்ளே நாலு வரி, கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். கல்யாணமானவனுக்குக் கேள்வியைப் படிக்காமலே சரி சொல்வது கைவந்த கலை. நாலு வருஷமாகத் தினமும் அமுக்கினேன்.

குறிப்புகள் மட்டும் சரியாகப் போய்ச் சேரவில்லை. மூன்றாம் பல்லின் விளிம்பு மெலிசாக இருக்கிறது என்று எழுதி வைப்பேன். மறுநாளும் அதே மெலிசு வரும்.

"எழுதி வெச்சேனே."

"எங்க?"

"பொதுல."

"பொதுல ஒண்ணும் இல்ல. டிக்கெட் இல்லாம வந்தவன் ஜன்னல் வழியா பறந்துடுச்சுன்னு உங்ககிட்ட சொல்வானே, அந்த மாதிரி இருக்கு."

சில நாட்கள் அவளுடைய சிஸ்டம் தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு புதிதாகத் திறக்கும். அன்று என் குறிப்பு அவளுக்குக் கிடைத்துவிடும். அதனால் மற்ற நாட்களில் நான் எழுதவே இல்லை என்று அவள் முடிவு கட்டினாள். படித்துவிட்டு இல்லை என்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு பேரும் மனசுக்குள் ஒருவரையொருவர் பொய்யர் என்று வைத்துக்கொண்டு, நல்லபடியாகவே தொழில் செய்துவந்தோம்.

இனி அவள் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தப்பிக்கத்தான் இவ்வளவு நேரம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினேன்.

சின்னவளோடு என் மனைவி பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர்களுடைய அம்மா அப்போது சின்னவள் வீட்டில் இருந்தார். அவருக்கு மேல்வரிசைப் பல் கட்ட வேண்டி வந்தது. கட்டினார்கள், வேறொரு இடத்தில். இவளும் நானும் ஒருநாள் அம்மாவைப் பார்க்கப் போனபோது, அம்மா யாரோ செய்த பல்லை வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தார்.  கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். பஸ்ஸில் என்னிடம், "ஊர்ல இருக்கற வாயெல்லாம் நான் கட்டறேன். எங்கம்மா வாய்க்கு மட்டும் வேற ஆளா?" என்றாள். பிறகு, "அந்தப் பல்லு பெருசு" என்றாள். அத்தோடு சின்னவளிடம் பேச்சை நிறுத்தி வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து அம்மா இறந்தபோதுகூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதார்கள். அம்மா அந்தப் பல்லோடு சிரிக்கிற படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைத் துடைக்கும் ஒவ்வொரு தடவையும், "பெருசு" என்பாள்.

இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பல் கட்டுவதற்கு முன்னால் சின்னவள் எனக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் அக்கா போனை எடுக்க மாட்டாள் என்பதால் என்னிடம் சொன்னாள்.

"மாமா, அம்மாவுக்கு இந்த மாசத்துக்குள்ள பல்லு கட்டணும். அக்காவால முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

சரி என்றேன். அந்த வாரமும் எங்களுக்குள் பேச்சு இல்லை. எதற்காக என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. அடுத்த வாரம் பேச்சு வந்தபோது இது மறந்துவிட்டது. பத்து நாள் கழித்து சின்னவள் மறுபடி கூப்பிட்டு, "அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "அவளுக்கு வேலை ஜாஸ்தி, நீங்களே அங்க குடுத்துடுங்கன்னா" என்றேன்.

ஒரு வாக்கியம்தான். அம்மா வாய்க்கு நேரமில்லாத அக்கா என்று சின்னவள் நினைத்தாள், அக்காவை மதிக்காத தங்கை என்று என் மனைவி நினைத்தாள். நடுவில் நான் இரண்டு பக்கமும் நல்லவனாக, பதினொரு வருஷம் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சின்னவள் எனக்குப் போன் செய்தாள். வேலைக்குப் போகும் வழியில் படியில் தடுக்கி விழுந்து முன்பல் ஒன்று போய்விட்டதாம். இருபது நாளில் மகனோடு இருக்க வேறு தேசத்துக்கே போகிறாள். இனி வருவாளோ மாட்டாளோ.

"அக்கா கைல செஞ்ச பல்லோட போகணும்னு ஆசையா இருக்கு மாமா. உங்ககிட்ட வேலை குடுக்கற டாக்டர்கிட்டதான் அளவு குடுத்திருக்கேன். நம்பர் அறுநூத்திப் பதினெட்டு. ஆனா அவளுக்குத் தெரியாம செய்ய வெக்கக்கூடாது. நான்னு சொல்லிடுங்க. அப்ப மாதிரி வேலை இருக்குன்னு சொல்லிட்டா பரவால்ல, வேற எடத்துல பாத்துக்கறேன்."

அப்ப மாதிரி என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். வாயால் சொல்லத்தான் நினைத்தேன். அவள் அச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன், "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

மதியம் என்னுடையதைத் திறந்தேன். மஞ்சள் பெட்டிக்குச் சரி சொன்னேன். பொதுவில் ஒரு கடிதம் எழுதினேன். அறுநூற்றுப் பதினெட்டு யார் என்று எழுதினேன். அவள் புறப்படுகிற தேதியை எழுதினேன். பதினொரு வருஷத்துக்கு முந்தைய போனையும், நான் சொன்ன பொய்யையும் மறைக்காமல் எழுதினேன். உன் தங்கை மேல் தப்பே இல்லை, தப்பு முழுதும் என்னுடையது, மன்னித்துவிடு என்று எழுதும்போது மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. மொத்தம் இரண்டு பக்கம். கல்யாணத்துக்கு முன்புகூட நான் அவளுக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

மறுநாள் காலையில் அவள் மாடியேறியதும் நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. பேப்பரில் அன்று என்ன செய்தி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பல் வரைய அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அன்று மூன்று மணி நேரம் ஆயிற்று. கீழே இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து, "அறுநூத்திப் பதினெட்டு போட்டிருக்கேன். கவனமா செதுக்குங்க" என்றாள்.  சாப்பிட உட்கார்ந்தாள்.

படித்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுசாக அணைத்துவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று உருகிப்போனேன். எனக்கு இப்படிப்பட்டவள் வாய்த்ததில் என் பங்கும் ஏதோ இருப்பதாகக்கூடத் தோன்றியது.

மதியம் செதுக்கி எடுத்தபோது பல்லின் கீழ்முனையில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. ஒரு அரிசியின் நுனி அளவுதான். என் மெஷின்தான் கடித்துவிட்டதோ என்று பதறி, வரைந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலேயே அப்படித்தான் இருந்தது. எழுப்பிக் கேட்கப் பயமாக இருந்தது. சாயங்காலம் அவளே அதை எடுத்து, நிறம் பூசி, உலையில் வைத்து, பெட்டியில் போட்டாள். எதுவும் தப்பாத அவள் கண்ணுக்கு இதுமட்டும் தப்பியிருக்குமா என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் சின்னவளுக்குப் போன் செய்தேன்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சேன். படிச்சுட்டா. மறுபேச்சு இல்லாம செஞ்சு குடுத்துட்டா."

பல் வைத்துக்கொள்ள எப்போது போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். அவள் கையில் பசை இருந்ததால் போனை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அறுநூத்திப் பதினெட்டு நுனி உடைஞ்சு வந்திருக்கேம்மா. திருப்பி அனுப்பறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. அவள் நிதானமாக இருந்தாள்.

"உடையல சார். அது அப்படித்தான் இருக்கணும். வெச்சுவிட்டு, அந்தம்மா கைல ஒரு கண்ணாடி குடுங்க. அவங்க வேணாம்னா திருப்பி அனுப்புங்க."

கால் மணி நேரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார். கண்ணாடியைப் பார்த்ததும் அந்தம்மா அழுததாகவும், கழற்ற விடமாட்டேன் என்று எழுந்து போய்விட்டதாகவும், தனக்கு ஒன்றும் புரியவில்லை என்றும் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் சின்னவள் எங்கள் மாடிப்படியில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரிக்கப் போனாள், வரவில்லை. என் மனைவி முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள். நானும் ஓரமாக நின்று, நடத்திவைத்த பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது என் மனைவி, பதினொரு வருஷத்துக்கு முன்பு பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்குப் பல்லு கட்டப்போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

சின்னவள் விழித்தாள். "நீதானக்கா வேலை இருக்கு, அங்கயே குடுத்துடுன்ன."

"யார் சொன்னா?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தங்கை என்பது அந்தப் பார்வையில்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அதான் எழுதி வெச்சேனே" என்றேன்.

"எங்க?"

"பொதுல."

என் மனைவி எழுந்து போய்க் கம்ப்யூட்டரை எழுப்பினாள். அது அவள் விட்ட இடத்திலேயே எழுந்தது. பொதுவைத் திறந்தாள். பற்கள் இருந்தன. கடிதம் இல்லை. நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினேன்.

"நிஜமா எழுதினேன். ரெண்டு பக்கம்."

"அப்ப நான்தான்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் சின்னவள்.

"அச்சக் கைல எடுத்ததுமே தெரியும். உன் கீழ்வரிசையில ரெண்டு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தச் சில்லு நான் பண்ணினது. சின்ன வயசுல அலமாரிக் கதவ உன் மூஞ்சில சாத்தினேன். கீழ விழுந்துட்டேன்னு வீட்ல சொல்லி என்னைக் காப்பாத்தின. அது இல்லாம உன் பல்லு எனக்கு வரைய வரல."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி என்னிடம் திரும்பினாள்.

"ரெண்டு பக்கத்தையும் இப்ப வாயால சொல்லுங்க."

சொன்னேன். போன் வந்தது, மறந்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில், சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற பகுதி மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எழுதும்போது வந்தது, சொல்லும்போது வரவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. தங்கையிடம், "சாப்டியா?" என்று கேட்டு அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். எவ்வளவோ பார்த்தவன் நான், அந்த அமைதி புதுசாக இருந்தது.

பத்து நாளில் சின்னவள் ஊரைவிட்டுப் போனாள். இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். பதினொரு வருஷப் பாக்கி ஆயிற்றே. என்னிடம் மட்டும் பேச்சில்லை. எதிரே நான் உட்கார்ந்திருந்தாலும் அவள் பார்வை பின்னால் இருக்கிற சுவரில்தான் இருக்கும்.

நான் மெஷின்காரருக்குப் போன் செய்தேன். பொதுவில் வைத்த கடிதம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"அன்னைக்கே படியில சொன்னேனே சார். தூங்க வெச்சா, பொதுல என்னென்ன இருந்துச்சுங்கறத அது ஞாபகத்துல வெச்சுட்டுப் படுத்துடும். நடுவுல நீங்க வேற சிஸ்டத்துலேர்ந்து என்ன எழுதினாலும் அதுக்குத் தெரியாது. எழுந்ததும் பழைய ஞாபகம்தான் சரின்னு அதையே மேல எழுதிடும். உங்களுக்கு மஞ்சளா ஒரு எச்சரிக்கை வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"என்ன பண்ணினீங்க?"

"சரின்னு அமுக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நேராக மாடிக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். இந்தத் தடவை ஆறப்போடவில்லை.

"வேலை முடிஞ்சதும் அத முழுசா அணைக்கணுமாம். தூங்க வெச்சா நான் எழுதறது உனக்குக் கிடைக்காதாம். நாலு வருஷம் முன்னாடியே சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

அவள் நிமிரவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் என்னுடையதைத் திறந்தேன். மஞ்சள் பெட்டிக்காகச் சுட்டுவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பொது நேராகத் திறந்தது. அவள் அணைத்துவிட்டுப் போயிருந்தாள். உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி எழுதினேன். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். வாயால் வராமல் நின்ற அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் எழுதினேன்.

மறுநாளும் மஞ்சள் பெட்டி வரவில்லை. பொதுவில் என் கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று இருந்தது. திறந்தேன்.

'படிச்சேன். அம்மாவுக்கு அந்தப் பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க.'